ஓட்டலில் டிப்ஸ் எவ்வளவு வைக்கிறீர்கள்? ஜிபே வந்த பிறகு எனக்குக் கணக்கே பிடிபடவில்லை

பீளமேடு பாபு | ஞாயிறு, இரவு 9.40

இன்று மதியம் மாமனார், மாமியார், மச்சான் குடும்பம் என்று ஏழு பேராக அவிநாசி சாலையில் ஒரு சைவ ஓட்டலுக்குப் போனோம். நல்ல கூட்டம். எங்கள் மேசைக்கு வந்த சர்வருக்கு ஐம்பது வயது இருக்கும். மாமனாருக்குச் சர்க்கரை, அதனால் சோற்றுக்குப் பதில் சப்பாத்தி. மச்சான் பையனுக்கு எதிலும் காரம் கூடாது. மாமியார் வெந்நீர்தான் குடிப்பார், அதுவும் ஆறியிருக்கக் கூடாது. அந்த மனிதர் முகம் சுளிக்காமல் மூன்று முறை வெந்நீர் கொண்டுவந்தார். பையன் ரசக் கிண்ணத்தைக் கவிழ்த்தபோது, நாங்கள் கூப்பிடுவதற்குள் துணியோடு வந்து நின்றார்.

சாப்பாடும் மற்றதும் 2,200, ஜிஎஸ்டி 110, ஆக மொத்தம் 2,310 ரூபாய். பில்லிலேயே க்யூஆர் இருந்தது. ஸ்கேன் செய்து அந்தத் தொகையை அப்படியே அனுப்பிவிட்டேன். அதற்குப் பிறகுதான் சோம்புத் தட்டு வந்தது. பர்ஸைத் திறந்தால் ஒரே ஒரு ஐந்நூறு ரூபாய்த் தாளும் ஒரு இரண்டு ரூபாய் நாணயமும். நான் முழித்த முழியிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. "பரவால்ல சார், போய்ட்டு வாங்க" என்றார். அதுதான் இன்னும் உறுத்திக்கொண்டிருக்கிறது.

காரில் ஏறியதும் மாமனார், "ஒரு நூறு ரூபாயாவது வச்சிருக்கலாம் மாப்பிள்ளை" என்றார். மச்சான், "எதுக்கு மாமா, சம்பளம் வாங்கலையா அவரு" என்றான். வீடு வரும்வரை இதே பேச்சு.

நீங்கள் எல்லாம் எவ்வளவு வைக்கிறீர்கள்? சதவீதக் கணக்கா, குத்துமதிப்பா? கையில் காசு இல்லாவிட்டால் என்ன செய்கிறீர்கள்?

திருவான்மியூர் தினேஷ் | ஞாயிறு, இரவு 9.58

சதவீதமெல்லாம் வரிக்குத்தான். என் கணக்கு எளிது. டிபன் சாப்பிட்டு பில் 200 வந்தால் 20. குடும்பத்தோடு போய் இரண்டாயிரத்தைத் தாண்டினால் 100. எவ்வளவு பெரிய பில்லானாலும் 200-க்கு மேல் வைத்ததில்லை. டோக்கன் வாங்கி நாமே தட்டு தூக்குகிற இடத்தில் ஒன்றும் இல்லை. டீக்கடையிலும் இல்லை.

உங்களுக்கு: 100 சரியாக இருந்திருக்கும். வெந்நீருக்காக 150.

கணக்குப்புலி | ஞாயிறு, இரவு 10.20

மச்சான் சொன்னதுதான் சரி.

ஏசி ஹாலில் அதே தோசைக்குத் தனி விலை. பார்சல் கேட்டால் டப்பாவுக்குத் தனிக் காசு. அதன் மேல் 5% ஜிஎஸ்டி. இத்தனையும் கொடுத்த பிறகு, பரிமாறியவருக்கும் நான்தான் படியளக்க வேண்டும் என்றால் முதலாளி எதற்கு? ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிற டெய்லருக்கு யாராவது டிப்ஸ் வைக்கிறீர்களா? வங்கியில் டிடி எடுத்துக் கொடுக்கிறவருக்கு? பஸ் கண்டக்டருக்கு மட்டும் வைக்கிறோம், அதுவும் அவர் மீதிச் சில்லறை தராததால்.

நான் கஞ்சன் இல்லை. ஆனால் வாடிக்கையாளர் டிப்ஸ் வைக்க வைக்க, முதலாளி சம்பளத்தை உயர்த்தவே மாட்டார். அதுதான் என் வாதம்.

இலைபோட்டவன் | ஞாயிறு, இரவு 11.35

2009-லிருந்து 2016 வரை சப்ளையர் வேலை பார்த்தவன் நான். முதலில் மதுரையில், பிறகு சென்னையில் இரண்டு கடைகளில். இப்போது சொந்தமாக வண்டி ஓட்டுகிறேன். கணக்குப்புலி சொல்வதில் தப்பில்லை, ஆனால் உள்ளே எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டு பேசினால் நல்லது.

அப்போது எங்களுக்குச் சம்பளம், மூன்று வேளைச் சாப்பாடு, மாடியில் பாய் போட இடம். சம்பளத்தை முதலாளி மாதம் பிறந்து பத்தாம் தேதிக்கு மேல்தான் தருவார். அதுவரை ஊருக்கு அனுப்புவது, செல்போன் ரீசார்ஜ், சவரம், எல்லாமே டிப்ஸில்தான். ஞாயிற்றுக்கிழமை 300 ரூபாய் தேறும். செவ்வாய்க்கிழமை 40 கிடைத்தால் பெரிது. புரட்டாசி மாதம் அசைவக் கடைக்காரர்கள் பாடு திண்டாட்டம்.

சில்லறை கொண்டுபோவதே ஒரு கலை. பில் 340, வாடிக்கையாளர் 500 ரூபாய்த் தாள் வைக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 160. அதை ஒரு நூறு, ஒரு ஐம்பது, ஒரு பத்து என்று கொண்டுபோனால் பத்து ரூபாய் கிடைக்கும், அல்லது அதுவும் கிடைக்காது. ஒரு நூறு, இரண்டு இருபது, இரண்டு பத்து என்று கொண்டுபோனால் இருபது நிச்சயம். இதற்காகவே கல்லாவில் போய், "அண்ணே, உடைச்சுக் குடுங்க" என்று நிற்போம். தாள்களைத் தட்டில் விசிறி மாதிரி விரித்து, பத்து மேலே தெரிய வைப்போம். க்யூஆர் வந்ததும் இந்தக் கலை செத்தது. மீதிச் சில்லறை என்ற ஒன்றே இல்லாதபோது எதை உடைத்து எதை விரிப்பது?

வைத்த காசு யாருக்குப் போகிறது என்பது கடைக்குக் கடை மாறும். சில கடைகளில் அவரவர் மேசைக் காசு அவரவருக்கு. சில கடைகளில் எல்லாம் ஒரே தம்ளர். மதுரையில் எங்கள் தம்ளர் காபி மாஸ்டர் பக்கத்தில், ஃபில்டர் டிகாக்‌ஷன் வைக்கிற பலகையில் இருக்கும். ராத்திரி 11 மணிக்கு ஹாலைக் கழுவிவிட்ட பிறகு அதை ஒரு மேசையில் கவிழ்ப்போம். சப்ளையருக்கும் காபி மாஸ்டருக்கும் முழுப் பங்கு. இலை எடுக்கிற அக்காவுக்கும் மேசை துடைக்கிற பையனுக்கும் அரைப் பங்கு. பரோட்டா மாஸ்டர் வாங்க மாட்டார். அவர் சம்பளம் எங்களைப்போல இரண்டு மடங்கு, அதனால் கௌரவம்.

சென்னையில் சேர்ந்த இரண்டாவது கடையில் தம்ளர் இல்லை, உண்டியல். அதுவும் கல்லாவில், கேஷியர் கைக்கு எட்டுகிற இடத்தில். மாசக் கடைசியில் திறப்பார்கள். உடைந்த தட்டு, தொலைந்த ஸ்பூன் எல்லாம் அதில் கழியும். அதனால் மேசையில் கிடைப்பதை நாங்கள் உண்டியலில் போடாமல் சட்டைப் பையில் போடப் பழகினோம். அதற்கு சூப்பர்வைசர் பையைத் தடவிப் பார்க்கப் பழகினார்.

பாபு சார், தம்ளர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கல்லாவில் இருந்தால் நேராகக் கையில் கொடுங்கள். வேலைக்காரர்கள் பக்கம் இருந்தால் கவலையில்லை.

பீளமேடு பாபு | திங்கள், காலை 7.10

இலைபோட்டவன் அண்ணே, இவ்வளவு நாள் ஓட்டலில் சாப்பிடுகிறேன், அந்தப் பத்து ரூபாய் ஏன் எப்போதும் மேலேயே இருக்கிறது என்று யோசித்ததே இல்லை.

ஒரு சந்தேகம். பில் தொகையோடு நூறு ரூபாய் சேர்த்து 2,410 என்று ஸ்கேன் செய்து அனுப்பியிருந்தால் அவருக்குப் போய்ச் சேர்ந்திருக்குமா?

கல்லா கண்ணன் | திங்கள், காலை 8.25

கேஷியர் என்ற முறையில் பதில் சொல்கிறேன். பெரும்பாலும் சேராது, அல்லது சேர்வதற்குள் பெரும்பாடு.

அந்தப் பணம் கடையின் வங்கிக் கணக்குக்குப் போகிறது. பில் 2,310, வந்தது 2,410 என்றால் ராத்திரி கணக்கு முடிக்கும்போது நூறு ரூபாய் அதிகம் காட்டும். முதலாளி அனுமதித்திருந்தால் நான் கல்லாவிலிருந்து நூறு ரூபாய் எடுத்து சர்வரிடம் கொடுத்துவிட்டு, ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைப்பேன். எங்கள் முதலாளி சரி என்றிருக்கிறார். இதற்கு முன் வேலை பார்த்த இடத்தில், "கணக்கைக் குழப்பாதே" என்று ஒரே வார்த்தை. அங்கே அதிகமாக வந்த பணம் கடைக்கே.

பணம் அனுப்புவதற்கு முன் கேஷியரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்: "நூறு சேர்த்துப் போடறேன், அவர் கையில குடுத்துடுவீங்களா?" கொடுப்பவர் உடனே கல்லாவைத் திறப்பார். இழுப்பவர் இழுப்பார். அதிலேயே தெரிந்துவிடும்.

சர்வரின் சொந்த நம்பருக்கு அனுப்புவது இன்னும் சுலபம். ஆனால் பல கடைகளில் வேலை நேரத்தில் செல்போனை வாங்கி வைத்துவிடுகிறார்கள். வாடிக்கையாளர் பில் பணத்தையே தன் நம்பருக்கு வாங்கிவிடுவாரோ என்ற பயம்.

சட்டம் படித்த சாந்தி | திங்கள், மதியம் 1.15

சாப்பாட்டு இடைவேளையில் எழுதுகிறேன், சுருக்கமாக முடிக்கப் பார்க்கிறேன்.

டிப்ஸ் வேறு, சேவைக் கட்டணம் வேறு. போன மாதம் சென்னையில் ஒரு பெரிய உணவகத்தில் பில்லில் "ஊழியர் நலன் 10%" என்று ஒரு வரி. 3,000 ரூபாய்ச் சாப்பாட்டுக்கு 300. அதற்கும் சேர்த்து ஜிஎஸ்டி. நானும் டிப்ஸ் என்று நினைத்துப் பேசாமல் இருந்திருப்பேன், ஆனால் பரிமாறிய பெண்ணிடம் மெதுவாகக் கேட்டேன். "அது எங்களுக்கு வர்றதில்ல மேடம்" என்றாள். எடுக்கச் சொன்னேன். மேலாளர் வந்தார், "கம்பெனி பாலிசி" என்றார். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழைக்கப் போகிறேன் என்றதும் புதிய பில் வந்தது. அந்த 300-ஐ அவள் கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-இல் இதற்காகவே வழிகாட்டுதல் வெளியிட்டது. சேவைக் கட்டணத்தைப் பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வசூலிக்கக் கூடாது, கட்டாயப்படுத்தக் கூடாது, அதன் மேல் ஜிஎஸ்டி போடக் கூடாது. ஓட்டல் சங்கங்கள் டெல்லி உயர் நீதிமன்றம் போய் அதே மாதத்தில் தடை வாங்கின. 2025 மார்ச் 28-இல் அந்த மனுக்கள் தள்ளுபடியாகி, வழிகாட்டுதல் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. சங்கங்கள் மேல்முறையீடு செய்திருக்கின்றன.

கணக்குப்புலிக்கு ஒரு தகவல். ஜெய்ப்பூர் ராம்பாக் பேலஸ் ஓட்டல் வழக்கில் 1976-லேயே உச்ச நீதிமன்றம், வாடிக்கையாளர் தரும் டிப்ஸை நிர்வாகம் தான் கொடுக்கும் ஊதியம்போலக் கணக்குக் காட்ட முடியாது என்று சொல்லிவிட்டது. 2016-இல் ஐடிசி வழக்கில், கார்டு மூலம் வந்து நிர்வாகம் பிரித்துக் கொடுக்கும் டிப்ஸும் சம்பளம் ஆகாது என்றது. அதாவது சட்டத்தின் கண்ணில் அது உங்களுக்கும் அந்தத் தொழிலாளிக்கும் இடையில் உள்ளது. முதலாளி அதைச் சாக்காக வைத்துச் சம்பளத்தைக் குறைக்க முடியாது. நடைமுறையில் குறைக்கிறார்களா என்றால், அதை இலைபோட்டவன் சொல்லட்டும்.

இலைபோட்டவன் | திங்கள், மதியம் 2.40

வேலைக்குச் சேரும்போதே, "நம்ம கடையில டிப்ஸ் நல்லா வரும்பா" என்பார்கள். அதற்கு அர்த்தம் சம்பளம் கம்மி என்பதுதான். எழுத்தில் எதுவும் இருக்காது அம்மா.

எடிசன் ஈஸ்வரி | திங்கள், மாலை 6.05

நியூஜெர்சியிலிருந்து. கணக்குப்புலி பயப்படுகிற ஊரில்தான் நாங்கள் குடியிருக்கிறோம்.

அமெரிக்காவில் கூட்டாட்சிச் சட்டப்படி டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி மணிக்கு 2.13 டாலர் கொடுத்தால் போதும். இந்தத் தொகை 1991-லிருந்து மாறவில்லை. பொதுவான குறைந்தபட்ச ஊதியம் 7.25 டாலர், அது 2009-லிருந்து மாறவில்லை. டிப்ஸும் சேர்த்து 7.25 வராவிட்டால் மீதியை முதலாளி போட வேண்டும் என்பது சட்டம். பல மாநிலங்கள் இதைவிடக் கூடுதலாக வைத்திருக்கின்றன. கலிபோர்னியாவில் டிப்ஸைக் கழிக்கவே கூடாது, முழு ஊதியமும் முதலாளியே தர வேண்டும். அங்கேயும் 18, 20 சதவீதம் வைக்காவிட்டால் ஒரு மாதிரித்தான் பார்க்கிறார்கள், அது தனிக் கதை.

போன வருஷம் அப்பா கும்பகோணத்திலிருந்து வந்திருந்தார். எண்பது டாலர் பில்லுக்கு நான் பதினாறு டாலர் எழுதியதை எட்டிப் பார்த்தார். ரூபாயில் பெருக்கிப் பார்த்து, "இந்தக் காசுக்கு நம்மூர்ல ஒரு குடும்பமே சாப்பிட்டுட்டு டிப்ஸும் வைக்கலாமேம்மா" என்றார். அடுத்த தடவை நான் கைகழுவப் போன நேரத்தில் தட்டில் இரண்டு டாலர் வைத்துவிட்டார். அந்தப் பெண் வாசல்வரை வந்து, சாப்பாட்டில் ஏதாவது குறையா என்று கேட்டாள். அப்பாவுக்கு அவள் மிகவும் மரியாதையான பெண் என்று ஒரே சந்தோஷம்.

இப்போது பெரிய தொல்லை என்னவென்றால், நின்றபடி ஒரு காபி வாங்கினாலும் திரையைத் திருப்பிவிடுகிறார்கள். 18, 20, 25. பின்னால் வரிசையில் நிற்பவர்கள் பார்க்க, 'வேண்டாம்' என்ற பொத்தானை அழுத்தத் தைரியம் வேண்டும்.

கணக்குப்புலி | திங்கள், மாலை 6.30

பார்த்தீர்களா? முதலில் "இஷ்டம் இருந்தால் வையுங்கள்" என்பார்கள். பிறகு பத்து. பிறகு இருபது. கடைசியில் வாசல்வரை வந்து கேட்பார்கள். இந்த வியாதி நம் ஊருக்கு வர வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

தேக்கா தம்பி | திங்கள், இரவு 8.15

சிங்கப்பூரில் டிப்ஸ் கிடையாது, ஆனால் விலைப் பட்டியலில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால் உஷார். முதல் கூட்டல் 10% சேவைக் கட்டணம், இரண்டாவது 9% ஜிஎஸ்டி, அதுவும் சேவைக் கட்டணத்தையும் சேர்த்து. 50 வெள்ளி (எங்கள் ஊர் டாலர்) சாப்பாடு 59.95 ஆகிவிடும். அந்தப் பத்து சதவீதம் பரிமாறுகிறவருக்கே போக வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. அங்காடிக் கடையில் இந்தப் பேச்சே கிடையாது. தட்டை நாமே எடுத்து வைத்துவிட்டு வர வேண்டும், அது மட்டும் சட்டம்.

வெள்ளவத்தை வாசன் | திங்கள், இரவு 8.50

இலங்கையில் பெரிய ஹோட்டல்களில் 10% சேர்விஸ் சார்ஜ் பில்லில் வரும், ஆனால் அது ஊழியர்களுக்குள் பகிரப்படும் வழக்கம் உண்டு. என் மருமகன் ஹோட்டல் வேலைக்குப் போனபோது அடிப்படைச் சம்பளத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. "மாதம் சேர்விஸ் சார்ஜ் எவ்வளவு வரும்" என்றுதான் கேட்டவன். அதனால் அங்கே மேசையில் தனியாக வைப்பது கொஞ்சம்தான்.

சைவக் கடைகளில் நிலைமை வேறு. வடை, ரோல்ஸ் எல்லாம் தட்டோடு மேசையில் வைத்துவிட்டுப் போவார்கள். தின்றதை எண்ணிப் பில். அங்கே எண்ணுகிற தம்பிக்குத்தான் நான் ஐம்பது, நூறு கொடுப்பது. நூறு ரூபா என்றவுடன் இந்தியக் காசு என்று நினைத்துவிடாதீர்கள்.

திருவான்மியூர் தினேஷ் | திங்கள், இரவு 9.30

முன்கூட்டியே கொடுக்கிற கட்சி யாராவது இருக்கிறீர்களா? என் பெரியப்பா உட்கார்ந்ததும் ஐம்பது ரூபாயைக் கையில் திணிப்பார். அதன் பிறகு அவர் இலையில் மட்டும் வடை முறுகலாக வரும். மற்ற மேசையில் "பாயசம் முடிஞ்சிருச்சு" என்ற பிறகும் அவருக்கு ஒரு கப் வரும்.

இலைபோட்டவன் | திங்கள், இரவு 10.55

உங்கள் பெரியப்பா மாதிரி ஆட்களை எங்களுக்குப் பிடிக்கும், பக்கத்து மேசைக்காரருக்குப் பிடிக்காது. உண்மையைச் சொன்னால் அது டிப்ஸ் இல்லை, முன்பணம். வாங்கிவிட்டால் அன்று முழுக்க அவர் கண்ணையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

இன்னொன்று. இப்போது நிறைய கடைகளில் பரிமாறுவது ஒடிசா, அசாம், நேபாளப் பையன்கள். தமிழ் தெரியாததால் பில்லும் சோம்புத் தட்டும் வேறொருவர் கையில் வரும். ஓடி ஓடி சாம்பார் ஊற்றியவன் ஒருவன், டிப்ஸ் வாங்குபவன் ஒருவன். கொடுக்கிறவர்கள் அந்தப் பையனைக் கூப்பிட்டே கொடுங்கள். அப்புறம் இலை எடுக்கிற அக்கா. நான் வேலை பார்த்த ஏழு வருஷத்தில் அவர் கையில் நேராகக் காசு கொடுத்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

கணக்குப்புலி | செவ்வாய், காலை 6.50

சரி, இலை எடுக்கிற அக்காவுக்குக் கொடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் சதவீதம் என்று யாராவது ஆரம்பித்தால் நான் மறுபடி வருவேன்.

பீளமேடு பாபு | ஞாயிறு, மாலை 4.30

ஒரு வாரம் கழித்து வருகிறேன்.

இன்று அதே ஓட்டலுக்குப் போனேன், நானும் மனைவியும் மட்டும். முந்தின நாளே பெட்ரோல் பங்கில் 500 ரூபாயை உடைத்து ஐம்பதும் இருபதுமாக வாங்கி வைத்தேன். காரின் டேஷ்போர்டில் இனி அது நிரந்தரமாக இருக்கும். அந்த சர்வர் வேறு வரிசையில் நின்றார். தேடிப் பிடித்து அவர் மேசையிலேயே உட்கார்ந்தோம். என்னை அவருக்கு ஞாபகம் இல்லை. "வெந்நீர் அம்மா" என்றதும் சிரித்துவிட்டார்.

பில் 590. முடித்துவிட்டு இன்றைக்கு ஐம்பதும் போன வாரத்துக்கு நூறும் சேர்த்து அவர் கையிலேயே கொடுத்தேன். "அன்னிக்கே பரவால்லன்னு சொன்னேனே சார்" என்றார், ஆனால் வாங்கிக்கொண்டார். இலை எடுக்கிற அம்மாவிடம் இருபது ரூபாய் நீட்டியபோது அவர் அதை வாங்காமல், யாரோ தவறவிட்டதை நான் எடுத்துத் தருகிறேன் என்று நினைத்து, "கல்லால குடுத்துருங்க கண்ணு" என்றார். அவருக்குத்தான் என்று விளக்க மனைவி வர வேண்டியிருந்தது.

நான் கொடுத்த 150-ஐ அவர் சட்டைப் பையில் போடவில்லை. நேராகப் போய் ஒரு எவர்சில்வர் தம்ளரில் போட்டார்.

இலைபோட்டவன் | ஞாயிறு, மாலை 5.05

தம்ளர் எங்கே இருந்தது?

பீளமேடு பாபு | ஞாயிறு, மாலை 5.12

காபி போடுகிற இடத்தில், பால் குண்டானுக்குப் பின்னால்.

இலைபோட்டவன் | ஞாயிறு, மாலை 5.14

அப்படியென்றால் சரி.